நாலு சாப்பாடு, பதினோரு பேர்

சின்ன முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். ஹோட்டலில் புது மெனு அட்டை அடிக்கிறார்களாம். அட்டையின் பின்பக்கம் பேசின் சோற்றைப் பற்றி நாலு வரி வேண்டுமாம். மாதிரிக்கு அவர்களே ஏதோ எழுதி அச்சடித்து, சரியா என்று பார்க்கச் சொல்லி ஓர் அட்டையையும் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

பேசின் சோறு எங்கள் ஹோட்டலில் கிடைக்கும் ஒரு சாப்பாடு. ஒரு குடும்பத்துக்கான சோறு மொத்தமும் ஓர் அகலப் பாத்திரத்தில் வரும். வீட்டில் ஒருவர் பிசைந்து உருட்டிக் கொடுப்பார். மற்றவர்கள் கையை நீட்டி வாங்கிச் சாப்பிடுவார்கள். இன்று ஊட்டிக்கு டூர் வருகிறவர்கள் வழி விசாரித்துக்கொண்டு அதற்காகவே வருகிறார்கள்.

அட்டையில் ‘பாட்டிமார் காலத்துப் பாரம்பரியம்’ என்று போட்டிருந்தது. பக்கத்தில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பாட்டியின் படம். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்படி ஒரு பாட்டி கிடையாது. அது ஒரு சண்டையில் பிறந்தது. நான் அங்கே இருந்தேன். அதனால் எழுதுகிறேன். நான் அஞ்சாவது வரைதான் படித்தவள். எழுத்து கோணலாக இருக்கும்.

என் பெயர் செல்லாயி. சிலோனில் பிறந்தேன். சின்ன வயதில் அப்பா அம்மாவோடு கப்பலில் வந்து, குன்னூர் பக்கம் ஓர் எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், வளர்ந்தேன். தேயிலைக் கொழுந்து எடுத்தேன். கல்யாணமானது, பிள்ளைகள் பிறந்தன. முட்டி போனது. சரிவில் நிற்க முடியவில்லை. ஊட்டியில் மார்க்கெட்டுக்கு மேலே ஒரு ஃபேமிலி ரெஸ்டாரண்டில் இலை எடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். சேர்த்துக்கொண்டார்கள். முன்கதை அவ்வளவுதான்.

இலை எடுப்பது என்றால், சாப்பிட்டவர் எழுந்ததும் எச்சில் இலையை எடுத்துக் கூடையில் போட்டு மேஜையைத் துடைக்க வேண்டும். நாள் முழுக்கக் குனிந்தே இருக்கும் வேலை. இலை எடுக்கிறவளின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. ‘இந்தாம்மா’ என்பார்கள், அதையும் இலையைப் பார்த்துத்தான் சொல்வார்கள். பரிமாறுகிறவரைத்தான் முகம் பார்த்துக் கூப்பிடுவார்கள். அவரை சப்ளையர் என்போம். அவர் வாளியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நடப்பார். எனக்கும் அப்படி நடக்க வேண்டும் என்று இருந்தது. வெளியில் சொல்லவில்லை. அங்கே பெண் பிள்ளை பரிமாறுவது வழக்கத்தில் இல்லை.

மேனேஜர் சென்னியப்பன். அவிநாசிப் பக்கத்துக்காரர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மேலே சாம்பல் நிற ஸ்வெட்டர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஹாலில் நடப்பார். சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்க்க மாட்டார். இலையைப் பார்ப்பார். இலையைப் பார்த்தே அந்த ஆளுக்கு என்ன வேண்டும் என்று சொல்வார்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது தப்புச் செய்தால் கூட்டம் முடிகிற வரை பேச மாட்டார். ஹால் காலியானதும் அந்த ஆளைக் கூப்பிடுவார்.

“உக்காருங்க.”

மேஜையில் உட்கார வைத்து, அவரே இலை போட்டு, உப்பு வைத்து, பொரியல் வைத்து, மோர் வரைக்கும் பரிமாறுவார். பேச மாட்டார். சாப்பிடுகிறவனுக்குத் தொண்டையில் இறங்காது. கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொல்வார். சில பேரிடம், “நாளையிலிருந்து வர வேண்டாமுங்க” என்று முடித்திருக்கிறார். அதனால் அவர் ‘உக்காருங்க’ என்றாலே எங்களுக்குப் பயம்தான். திட்டிவிட்டுப் போனால் தேவலாம் என்று இருக்கும்.

அவர் பரிமாறும் முறையைச் சொல்ல வேண்டும். ஊட்டிக் குளிரில் சோறு இலையில் விழுந்த நிமிஷமே ஆறத் தொடங்கிவிடும். கீழே சமவெளியில் வைப்பதுபோலக் குவித்து வைத்தால் பாதி சாப்பிடுவதற்குள் கல்லாகிவிடும். அதனால் ஒரு கைப்பிடி சோறு, அதற்கு மட்டும் குழம்பு. தீர்வதற்கு முன்னால் வாளி மறுபடி பக்கத்தில் நிற்க வேண்டும். ‘போதுமா?’ என்று கேட்கக் கூடாது. கேட்டால், வேண்டும் என்பவரும் வெட்கப்பட்டுப் போதும் என்பார். ‘வைக்கட்டுமா?’ என்றுதான் கேட்க வேண்டும். வாளியைத் தரையில் வைக்கக் கூடாது. இலைக்கு மேலே கரண்டியைத் தட்டக் கூடாது. இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லித் தரவில்லை. இலை எடுத்தபடியே பார்த்துக்கொண்டேன்.

அளவில்லாச் சாப்பாடு என்று போர்டு வைத்தால் வருகிற தலைவலி, ஷேர் போடுகிறவர்கள்தான். டூர் வந்த குடும்பம் ஐந்து பேர் உட்காருவார்கள். இரண்டு சாப்பாடு சொல்வார்கள். எங்கள் போர்டில் ‘ஒரு சாப்பாடு ஒருவருக்கு மட்டும்’ என்று சிவப்பில் எழுதியிருக்கும். போர்டைப் படிப்பார்கள். படித்துவிட்டுச் செய்வார்கள்.

எத்தனை விதம்! இன்றைக்கு விரதம், தண்ணீர் மட்டும் போதும் என்று ஓர் அம்மா சொல்லும். ரசம் வருவதற்குள் வீட்டுக்காரர் இலையில் பாதி இந்தப் பக்கம் வந்திருக்கும். கைக்குழந்தைக்கு என்று கேட்கிற சோறு, மீசை முளைத்த குழந்தைக்குப் போகும். ஒருவர் கை கழுவ எழுந்து போனால் அதே நாற்காலியில் வேறொருவர் வந்து உட்கார்ந்து, “சாம்பார்!” என்பார். ஒரு முறை ஒரு ஹேண்ட்பேக் தயிர்சாதம் சாப்பிட்டதை நானே பார்த்தேன். வேனில் அம்மா படுத்திருக்கிறார்கள் என்றார்கள். இருந்திருக்கலாம்.

சப்ளையர்களுக்கும் ஒரு வழி இருந்தது. சண்டை போட மாட்டார்கள். வாளி அந்த மேஜைக்கு வராது. பக்கத்து மேஜை வரை வரும், அங்கிருந்து சுற்றிக்கொண்டு போய்விடும். கையைத் தூக்கிக் கூப்பிட்டாலும் காது கேட்காது. பல பேர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போயிருக்கிறார்கள். அந்த இலையை எடுக்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். துடைத்தது மாதிரி இருக்கும் இலை. பசியோடு போயிருக்கிறார்கள் என்று தெரியும்.

ஒரு மே மாதம், சீசன் உச்சத்தில் இருந்தபோது, இரண்டு சப்ளையர்கள் வேறு ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள். ஹாலில் ஆள் இல்லை. மேனேஜர் முதலாளியிடம் போய், “செல்லாயிகிட்ட வாளியக் குடுத்துப் பாக்கலாமுங்க” என்றார். முதலாளி கோயம்புத்தூர்க்காரர். கல்லாவை விட்டு எழ மாட்டார். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அன்றுதான் முதல் தடவை பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“சீசன் முடியற வரைக்கும் பாக்கலாம். இவ டேபிள்ல ஒரு சத்தம் வந்துச்சு, மறுபடி இலைக்கூடைதான். அதுக்கப்பறம் எங்கிட்ட வந்து கேக்கக் கூடாது.”

“சரிங்க முதலாளி” என்றேன்.

மற்ற சப்ளையர்களுக்குப் பிடிக்கவில்லை. தங்கராசுக்குத்தான் ரொம்பவும் பிடிக்கவில்லை. அவர்தான் ஹாலில் மூத்தவர். கை வேகம். வாயும் வேகம்.

“சிலோனக்கா, கொழுந்து கிள்ளுற கையி கொழம்பு ஊத்துமா?”

“ஊத்தும்.”

“கூடையில ஊத்திறாதீங்க.”

வாளியை எடுத்துக்கொண்டு போனேன்.

சில நாள் ஒரு குறையும் இல்லாமல் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வரும் ரோடு அடைத்துக்கொண்டு, வண்டிகள் கொண்டை ஊசி வளைவுகளில் நின்று நின்று வந்தன. இலை லாரியும் அதில்தான் மாட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்கு வாழை இலை கீழேயிருந்துதான் ஏறி வர வேண்டும். கிச்சனில் பழைய கட்டைப் பிரித்துக் கிழிசலை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். ஹாலில் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் அடுத்த ஆள் நின்றுகொண்டிருந்தார்.

அப்போது ஒரு வேன் கூட்டம் உள்ளே வந்தது. பதினோரு பேர். ஈரோட்டுப் பக்கம். அண்ணன் தம்பி நாலு பேர், மூன்று பொம்பளைகள், பிள்ளைகள் நாலு. பிள்ளைகளின் முகம் வெளுத்திருந்தது. வளைவில் வாந்தி எடுத்த முகம். மலையில் எங்களுக்கு அது பார்த்தவுடன் தெரியும்.

தங்கராசு இரண்டு மேஜையைச் சேர்த்துப் போட்டு அவர்களை உட்கார வைத்தார். தன் பக்கத்தில் இடம் இருந்தும் என் பக்கத்தில் உட்கார வைத்தார். போகும்போது என் காதோரம், “உங்களுக்குன்னே வந்த விருந்துக்கா” என்றார்.

மூத்த அண்ணன் தோளில் பச்சைத் துண்டு போட்டிருந்தார். நான் தண்ணீர் வைத்ததும் சொன்னார்.

“ஏனுங் அம்மிணி, நாலு சாப்பாடு போடுங்க.”

“பதினோரு பேரு இருக்கீங்களே ஐயா?”

“ஏன், உக்கார்றதுக்குமா காசு?”

தம்பிகள் சிரித்தார்கள். அவர் சம்சாரம் சிரிக்கவில்லை. அந்த அம்மா பெயர் ராமாத்தாள் என்று பிறகு தெரிந்தது.

“பாதிப் பேருக்கு வவுறு சரியில்லீங்க. முழுச் சாப்பாடு எறங்காது. ஆளுக்கு ரெண்டு வாய் போதும்” என்றது அந்த அம்மா.

அது பொய் இல்லை. எனக்குத் தெரிந்தது. ஆனால் போர்டு போர்டுதான். நாலு இலை போட்டேன். ஆண்கள் நாலு பேர் முன்னால் இலை. பொம்பளைகளும் பிள்ளைகளும் வெறும் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உப்பு, ஊறுகாய், பொரியல், கூட்டு, அப்பளம் வைத்தேன். சோற்றுக்குத் திரும்பினேன். அதற்குள் பச்சைத் துண்டுக்காரர் இலையை மேஜைக்கு நடுவில் தள்ளி, அப்பளத்தை உடைத்து ஆளுக்கு ஒரு துண்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கல்லாவிலிருந்து முதலாளி பார்த்துவிட்டார்.

“அந்த ஜாயிண்ட் டேபிளுக்கு வாளி போகக் கூடாது!”

ஹால் முழுக்கக் கேட்டது. நான் சோற்று வாளியோடு மேஜைக்கு ஓர் அடி தூரத்தில் நின்றேன்.

பச்சைத் துண்டுக்காரர் எழுந்துவிட்டார்.

“சோத்த நிறுத்துறதுக்கு நீங்க யாருங்க? நாலு சாப்பாட்டுக்குக் காசு குடுக்கறம்ல? அத நாங்க திங்கறமா, புள்ளைக்கி ஊட்டறமா, உங்களுக்கென்னுங்க?”

“போர்டு போட்டிருக்கு, படிக்கத் தெரியாதா?” இது முதலாளி.

“அளவில்லாச் சாப்பாடுன்னும் போட்டிருக்கு. அது மட்டும் பொய்யா?”

“அளவில்லாதது ஒரு ஆளுக்கு. ஊருக்கே இல்ல!”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் நின்றவர்களில் ஒருவர், “எந்திரிச்சு எடமாச்சும் குடுங்கப்பா” என்றார். சின்னப் பிள்ளை ஒன்று அழ ஆரம்பித்தது. ராமாத்தாள் எழுந்து பையைத் தோளில் மாட்டியது.

“வாங்க, போலாம். ரோட்டோரம் பன்னு வாங்கித் தின்னுக்கலாம். டூர் வந்த எடத்துல மானம் போவோணுமா?”

சத்தம் வந்துவிட்டது. முதலாளி சொன்னது அதுதான். தங்கராசு தூணில் சாய்ந்துகொண்டு இலைக்கூடையைக் காலால் மெல்ல என் பக்கம் தள்ளினார். அதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

என்ன செய்வது என்று நான் யோசித்ததாக நினைவில்லை. லயத்தில் எங்கள் வீட்டில் தட்டைவிட ஆள் அதிகம். அம்மா சாயந்தரம் மலையிலிருந்து வந்து, குண்டானில் இருக்கும் சோற்றைக் குழம்போடு பிசைந்து, சுற்றி உட்காரச் சொல்லி, கையில் ஒவ்வோர் உருண்டையாக வைப்பாள். யாருக்கும் தட்டு இல்லை. யாரும் யார் எச்சிலையும் சாப்பிடவில்லை. குண்டான் காலியானால் சாப்பாடு முடிந்தது. இன்னும் கொஞ்சம் என்று கேட்டதில்லை. கேட்டால் இருக்காது.

சண்டை எதற்கு? ஷேர் போடுகிறார்கள் என்பதற்கு இல்லை. வாளி திரும்பத் திரும்பப் போக வேண்டும் என்பதற்கு. வாளி ஒரு தடவைதான் போகும் என்று ஆகிவிட்டால் சண்டைக்கு ஒன்றும் மிச்சமில்லை.

நான் வாளியை ஓரமேஜையில் வைத்துவிட்டு ராமாத்தாளிடம் போனேன்.

“அக்கா, உக்காருங்க. சோறு வருது. போயிறாதீங்க.”

கிச்சனுக்குள் போனேன். அப்பளம் பொரித்துப் போடும் பெரிய எவர்சில்வர் பேசின் ஒன்று உண்டு. அதைக் கவிழ்த்து அப்பளத்தை வேறு பாத்திரத்தில் கொட்டினேன். சமையல் மாஸ்டர் திகைத்துவிட்டார்.

“என்னக்கா, பைத்தியம் புடிச்சிருச்சா?”

“நாலு பேரு வயிறு முட்டத் தின்னா எவ்வளவு சோறு தின்பாங்களோ, அதை இதுல போடுங்க மாஸ்டர். ஒரேயடியா. சாம்பாரை மேல ஊத்துங்க. நெய்யும்.”

“யாரு சொன்னது?”

“நான்தான் சொல்றேன்.”

அவர் நல்ல மனிதர். அதற்கு மேல் கேட்கவில்லை. அன்னக்கரண்டியால் அளந்து போட்டார். ஆவி என் முகத்தில் அடித்தது. துணி சுற்றித் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். கூட்டம் வழி விட்டது. மேஜை நடுவில் பேசினை வைத்தேன். நாலு இலையையும் சுற்றி இழுத்து வைத்தேன், பொரியலும் கூட்டும் எல்லோருக்கும் எட்டுகிற மாதிரி.

“இது நாலு சாப்பாட்டுச் சோறு” என்றேன். முதலாளிக்கும் கேட்க வேண்டும் என்று சத்தமாகவே சொன்னேன். “இதோட சரி. மறுபடி வாளி வராது. பதினோரு பேரு தின்னாலும் சரி, இருபது பேரு தின்னாலும் சரி, இதுதான். யாருக்கு எவ்வளவுன்னு நீங்க பாத்துக்குங்க.”

பச்சைத் துண்டுக்காரர் வாயைத் திறந்தார். ராமாத்தாள் அவரைப் பார்க்கவில்லை. பேசினைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. பையை இறக்கி வைத்துவிட்டு, கை கழுவிவிட்டு வந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பிசைய ஆரம்பித்தது.

“கைய நீட்டுங்க எல்லாரும். சின்னது மொதல்ல.”

அழுத பிள்ளை கையை நீட்டியது. மழையில் நனைந்து விறைத்த கை. அதில் சுடச் சுட ஓர் உருண்டை. பிள்ளை அதைச் சாப்பிடுவதற்கு முன்னால் இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பிடித்துச் சூடு காய்ந்தது. பிறகு வாயில் போட்டது. உடனே மறுபடி நீட்டியது. வயிறு சரியில்லாத மற்ற பிள்ளைகளும் நீட்டின. பெரிய ஆள்கள் முதலில் கொஞ்சம் கூச்சப்பட்டார்கள். ராமாத்தாள் விடவில்லை.

“நீங்களுந்தான். துண்ட எடுத்துட்டுக் கைய நீட்டுங்க.”

பச்சைத் துண்டுக்காரர் நீட்டினார்.

கடைசித் தம்பி, “ஏனுங் அண்ணி, எனக்கு மட்டும் நெல்லிக்காயாட்டம் இருக்குது?” என்றான்.

“வேன்ல வாந்தியெடுத்தவனுக்கு நெல்லிக்காயே சாஸ்தி.”

“அண்ணனுந்தான் எடுத்தாரு. அவருக்குத் தேங்காயாட்டம் போச்சு.”

“அவரு எடுத்தது யாருக்குந் தெரியாதுன்னு நெனச்சிட்டிருந்தாரு. சொல்லிப்போட்டியே.”

அந்த மேஜை சிரித்தது. பக்கத்து மேஜையும் சிரித்தது. பச்சைத் துண்டுக்காரர் வாயில் சோற்றோடு தானும் சிரித்துவிட்டார்.

மூன்று மேஜை தள்ளி ஒரு குடும்பம். கம்பளி உடுப்பெல்லாம் போட்டுக்கொண்டு கார் வைத்து வந்தவர்கள். ஆளுக்கோர் இலை சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் இலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டு அம்மா கையைத் தூக்கியது.

“ஏங்க, எங்களுக்கும் அந்த மாதிரி கிடைக்குமா?”

நான் கல்லாவைப் பார்த்தேன். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்துகொண்டிருந்தார். அவர் எழுந்து நான் பார்த்ததில்லை.

“யாரைக் கேட்டுக் குடுத்தே?”

“யாரையும் கேக்கலைங்க முதலாளி.”

அதற்குள் நின்றுகொண்டிருந்தவர்களில் ஒருவர், “எங்களுக்கும் அதே போதும், மூணு சாப்பாடு, எட்டுப் பேரு” என்றார். இன்னொருவர், “இலைக்குக் காத்திருக்க வேண்டாம்ல?” என்றார். முதலாளி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இந்தப் பக்கம் என்னைப் பார்த்தார்.

மேனேஜர் சென்னியப்பன் எங்கிருந்தோ வந்தார். கை பின்னால் கட்டியபடி. மேஜையருகே நின்றார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பேசினைப் பார்த்தார். ராமாத்தாள் கடைசிப் பருக்கையை வழித்து, அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டது. பேசின் பளபளவென்று இருந்தது. நாலு இலையிலும் கறிவேப்பிலையைத் தவிர ஒன்றும் இல்லை. அவர் தலையை லேசாக ஆட்டினார். எதற்கு என்று தெரியவில்லை. முதலாளியை அழைத்துக்கொண்டு கல்லாப் பக்கம் போய்விட்டார்.

அவர்கள் போகும்போது பச்சைத் துண்டுக்காரர் நாலு சாப்பாட்டுக் காசைக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். துண்டைத் தோளில் சரி செய்துகொண்டு, “வர்றமுங்க” என்றார். ராமாத்தாள் மட்டும் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனது.

கூட்டம் தணிந்தது. ஹால் காலியானது. நான் என் மேஜைகளைத் துடைத்தேன். பின்னால் குரல் கேட்டது.

“செல்லாயி, உக்காருங்க.”

தங்கராசு என் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டார். ஓரமேஜையில் இருந்த என் வாளியையும் எடுத்துக்கொண்டார். இனி அது எனக்கு வேண்டாம் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். உட்கார்ந்தேன்.

மேனேஜர் இலை போட்டார். நல்ல இலை, கிழிசல் இல்லாதது. அத்தனை தட்டுப்பாட்டிலும் ஒன்றை எடுத்து வைத்திருந்தார். தண்ணீர் தெளித்தார். உப்பு. ஊறுகாய். பொரியல். கூட்டு. அப்பளம். ஒரு கைப்பிடி சோறு. அதற்கு மட்டும் சாம்பார். பரிமாறுகிறவர்கள் எல்லோரும் சுவரோரமாக நின்றார்கள். கல்லாவில் முதலாளி உட்கார்ந்து இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்றவர்களுக்குத் தொண்டையில் இறங்காது என்று சொன்னேன். எனக்கு இறங்கியது. காலையிலிருந்து சாப்பிடவில்லை. போவது போகட்டும், இந்தச் சாப்பாட்டை விடக் கூடாது என்று இருந்தது. ரசத்துக்கு வந்தோம். அவர் மெல்லக் கேட்டார்.

“சோறு யாரு அளந்தது?”

“மாஸ்டருங்க.”

“அளவு சரி.”

மோர் ஊற்றினார். ஊற்றிவிட்டு வாளியோடு நின்றார். இப்போது வரும் அந்த ஒரு வார்த்தை என்று காத்திருந்தேன்.

“நெய் பத்தாதுங்க. நாளைக்கு ஒரு கரண்டி கூட ஊத்தச் சொல்லுங்க.”

நான் தலையை ஆட்டினேன். ஒரு வாய் மோர்சோறு உள்ளே போன பிறகுதான் ‘நாளைக்கு’ என்று சொன்னது எனக்கு உறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் போய்விட்டார். தங்கராசு மட்டும் என் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“குடுங்க” என்றேன்.

கொடுத்தார்.

மறுநாள் போர்டில் சிவப்பு எழுத்துக்குக் கீழே பச்சையில் ஒரு வரி ஏறியது: ‘குடும்பத்துக்குப் பேசின் சோறு உண்டு.’ அந்த சீசனிலேயே புதுப் பேசின்கள் வாங்கினார்கள். நான் மறுபடி இலைக்கூடையைத் தொடவில்லை. சீசன் முடிந்தது, சீசன் வரைக்கும்தான் என்று முதலாளி சொன்னது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

சில பேர் ஆரம்பத்தில் முகம் சுளித்தார்கள். கையில் வாங்கித் தின்பது என்ன பழக்கம் என்றார்கள். சொன்னவர்களே அடுத்த தடவை பேசின் கேட்டார்கள். ஒரு தடவை ஒரு புருஷன் பெஞ்சாதி வந்தார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். வழியில் ஏதோ சண்டை. ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு, ஆளுக்கொரு சாப்பாடு என்றார்கள். இரண்டு சாப்பாட்டுச் சோற்றை ஒரு சின்னப் பேசினில் போட்டு அந்தப் பையன் முன்னால் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இலை தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். தீரவில்லை. அவன் கொஞ்ச நேரம் பேசினையே பார்த்தான். பிசைந்தான். உருட்டி நீட்டினான். அந்தப் பெண் கையை நீட்ட நேரமானது. நீட்டியது.

பிற்பாடு என்னை ஹால் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். மேனேஜர் வேலையை விட்டு ஊருக்குப் போகும் முன் அவர் செய்த கடைசி வேலை அது. இன்று அந்த ஹாலில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள்தான் வாளி பிடிக்கிறார்கள். கேத்தியிலிருந்து வருகிறார்கள், குன்னூரிலிருந்து வருகிறார்கள். யாரும் குனிந்து நடப்பதில்லை.

அந்த ஈரோட்டுக் கூட்டம் அடுத்த சீசனில் மறுபடி வந்தது. இந்தத் தடவை இரண்டு வேன். பங்காளிகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வாசலில் நுழையும்போதே பச்சைத் துண்டுக்காரர், “சிலோனக்கா எங்கீங்க?” என்று சத்தம் போட்டார். தங்கராசு சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு பேசினைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் போனதும் தங்கராசுதான்.

நான் ஓய்வு பெற்ற அன்று பழைய முதலாளி வந்திருந்தார். வயதாகிவிட்டது, மகன்தான் பார்த்துக்கொள்கிறார். என்னைப் பார்த்து, “உக்காரு செல்லாயி” என்றார். பரிமாறும் பிள்ளைகள் கலங்கிவிட்டார்கள், அந்த வார்த்தை அவர்களுக்கும் தெரியும். அவரே இலை எடுத்தார். நான் இலை வேண்டாம் என்றேன். பேசின் கொண்டுவரச் சொன்னேன். பிசைந்தேன். மாஸ்டர், தங்கராசு, பிள்ளைகள் எல்லோரும் கையை நீட்டினார்கள். முதலாளி ஒரு பக்கமாக நின்றுகொண்டிருந்தார்.

“நீங்களுந்தான் முதலாளி. கைய நீட்டுங்க.”

நீட்டினார். தேங்காய் அளவுக்கே வைத்தேன்.

இதுதான் நடந்தது. சின்ன முதலாளி நாலு வரி கேட்டிருந்தார். அட்டைக்கு இது போதும்:

ஒரு சாப்பாடு ஒருவருக்கு.
பேசின் எல்லோருக்கும்.
மறுபடி வராது.
கையைக் கழுவிவிட்டு நீட்டவும்.

இதற்குக் கீழே, முதல் பேசினைத் தூக்கி வந்தவள் செல்லாயி என்று போட வேண்டும். இடமில்லாவிட்டால் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். இடம் இருக்கிறது. அந்தப் பாட்டி படத்தை எடுத்துவிடுங்கள்.